கூரை: நலம்

நகராட்சி அலமாரியில் முதல் இருபது சுருள்களில்
அவர் பெயர் இல்லை.
மக்காலிஸ்டர் என்கிற வேறொருவரின் முத்திரை.
கோடுகள் மட்டும் அவருடையவை.
ஏழு எழுதும்போது இடுப்பில் குறுக்குக் கோடு போடுகிற பழக்கம்
காட்டிக்கொடுத்துவிடுகிறது.

ஒத்தோரினோ செஸ்குத்தி.
ஊதினேயில் ஒரு மணிக்கூண்டும் பன்னிரண்டு வீடுகளும் கட்டிவிட்டு
ஐம்பத்தொன்றில் வந்து இறங்கினார்.
தண்டர் பே என்று அப்போது பெயரில்லை, போர்ட் ஆர்தர்.
மூன்று வருஷம் துறைமுகக் களஞ்சியத்தில்
கோதுமைத் தூசி கூட்டினார்.
ஒன்பது வருஷம் மக்காலிஸ்டருக்கு வரைந்தார்.
நானும் எட்டு வருஷம் பிறர் முத்திரைக்குக் கணக்குப் போட்டவள்.
அது இங்கே வேண்டாம்.

சொந்தப் பெயரில் நிற்பவை:
ஒரு தீயணைப்பு நிலையம்,
இரண்டு பள்ளிக்கூடங்கள்,
வட்ட ஜன்னலுக்காகக் கடைசிவரை பணம் தராத
பல் வைத்தியரின் வீடு,
பிறகு நான் இப்போது ஏணி சாத்தியிருக்கிற
இந்த நீச்சல் கூடம்.

ஒன்பது சென்டிமீட்டர் காங்கிரீட்.
தூணில்லை. கவிழ்த்த கைபோல ஒரே வளைவு.
கீழே தண்ணீர், மேலே உறைந்த தண்ணீர்,
நடுவில் அவர் கணக்கு.

என் மொழியில் பனி என்றால்
விடிகாலையில் புல்நுனியில் நிற்பது.
எடை கேட்டால் சிரிப்பார்கள்.
இங்கே அதைச் சதுர மீட்டருக்கு
இத்தனை கிலோ என்று மனப்பாடம் செய்தேன்.
அவரும் அப்படித்தான் படித்திருப்பார்,
ஊதினேக்காரருக்கு மலைப்பனி தெரியும் என்றாலும்
தன் கூரைமேல் அது இப்படி ஐந்து மாதம்
உட்கார்ந்து பார்த்ததில்லை.

அறுபத்தெட்டு ஜனவரி.
திறந்து ஆறு வாரம்.
கூரை ஒருமுறை முறுக்கென்றது.
ஒரே ஒருமுறை. துப்புரவுக்காரர் ஒருவர் கேட்டார்.
நிபுணர்கள் வந்தார்கள், தட்டினார்கள்,
குளிரில் சுருங்கும் சத்தம், ஒன்றுமில்லை என்றார்கள்.
அவர் தலையாட்டினார்.
அன்றிரவே மண்வாரியோடு ஏறினார்.

ஏழாம் தாளின் ஓரத்தில் பென்சிலில் இருக்கிறது எல்லாம்.
தேதி. பனியின் உயரம். ஏறிய நேரம்.
எப்போதும் நள்ளிரவு தாண்டி,
ஊர் பார்க்காத நேரம்.
வளைந்த கூரைக்கு ஒருபக்கச் சுமை ஆகாது
என்பதால் இரண்டு மண்வாரி, இரண்டு பேர்.
கிழக்கே அவர், மேற்கே மனைவி நோரினா.
அவர் பத்து வாரி என்று கத்த, அவள் பத்து வாரியிருப்பாள்.
இடுப்பில் கட்டிய ஒரே கயிறு
முகட்டின் மேலாகப் போயிருக்கும்,
ஒருவர் சறுக்கினால் மற்றவர் எடை.
இது என் ஊகம். தாளில் கயிறு என்ற சொல்தான் இருக்கிறது,
வாங்கிய விலையோடு.

எண்பத்தாறு மார்ச்சில் கையெழுத்து மாறுகிறது.
ஏழுக்குக் குறுக்குக் கோடு இல்லை.
கீழ்த்தளத்தில் சலவைக்கடை வைத்திருக்கும் ரொசால்பாவிடம்
கொண்டுபோய்க் காட்டினேன். கண்ணாடியைத் தேடிப் படித்தாள்:
முப்பத்தைந்து சென்டிமீட்டர். தனியாக ஏறினேன்.
பத்து இந்தப் பக்கம், பத்து அந்தப் பக்கம்.
அதற்குப் பிறகு ஓரம் வெறுமை.

நேற்று முழுக்கக் கணினியில் ஓட்டினேன்.
மூன்று முறை. நம்பாமல் நான்காவதும்.
இந்த ஊர் கண்ட ஆகப்பெரிய பனியைப்போல்
இரண்டரை மடங்கு தாங்கும்.
தசமப் புள்ளிக்கு அடுத்த எண்வரை
அவர் கையால் போட்ட விடையே வருகிறது.
அந்தக் கணக்கைத் தப்பு என்று நினைத்த ஒரே ஆள்
அதைப் போட்டவர்.

கீழே பிள்ளைகள் கரணம் போடுகிறார்கள்.
ஓட்டின்மேல் காது வைத்தால்
விசில் சத்தம் மட்டும் வருகிறது.

படிவம் நிரப்பினேன்.
கூரை: நலம்.
பராமரிப்பு வரலாறு என்ற கட்டத்தில்
இல்லை என்று முன்பே தட்டச்சு செய்திருந்தார்கள்.
அடித்துவிட்டு எழுதினேன்:
பத்தொன்பது குளிர்காலம். இரண்டு மண்வாரி.
கயிறு ஒன்று.